வடதுருவப் பனியும் வாட்சன் ஆற்று வெள்ளமும்

கிரீன்லாந்துத் தீவின் மேற்குப் பகுதியில், ஆர்க்டிக் வட்டத்திற்குச் சற்று வடக்கே, காங்கர்லுஸ்ஸுவாக் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ ஐந்நூறு பேரே. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அமெரிக்கர்கள் அங்கு ஒரு விமானத் தளத்தை அமைத்தனர். பின்னர் அதுவே 2024 வரை கிரீன்லாந்தின் முதன்மையான பன்னாட்டு விமான நிலையமாக விளங்கியது. ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு வாட்சன் ஆறு ஓடுகிறது. 1950களில் கட்டப்பட்ட பாலம் ஒன்று ஊரின் இரு பாதிகளையும் இணைத்து வந்தது.

2012 ஜூலை 11ஆம் நாள் அப்பாலம் வெள்ளத்தில் உடைந்தது. பாலத்திற்குச் செல்லும் சாலையைக் காப்பாற்றும் பணியில் ஈடுபட்டிருந்த கனரக மண்வாரி இயந்திரம் ஒன்றும் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டது. அதன் ஓட்டுநர் நல்வாய்ப்பாக உயிர் தப்பினார். அன்று ஆற்றில் ஓடிய நீரின் உச்ச அளவு விநாடிக்கு 3,100 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கன அடி.

நம் நாட்டில் வெள்ளம் என்றதும் மழையே நினைவுக்கு வரும். ஆனால் காங்கர்லுஸ்ஸுவாக் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தாலும் 200 மில்லிமீட்டர் தேறாது. அது கிட்டத்தட்ட ஒரு குளிர்ப் பாலைவனம் எனலாம். ஆகவே பாலத்தை உடைத்தது மழைநீர் அன்று. ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் தொடங்கி, தீவின் பெரும்பகுதியைப் போர்த்திக் கிடக்கும் கண்டப் பனியாற்றின் உருகிய நீரே அது.

இந்த ஒரு வெள்ளத்தை ஆராய்ந்தால், சூடேறிவரும் ஆர்க்டிக் பகுதியில் நீர் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைப் பெருமளவு புரிந்துகொள்ளலாம். பனி மிகுதியாக உருகினால் வெள்ளமும் மிகுதியாகும் என்பது எளிய கணக்கு. உண்மைக் கணக்கு அவ்வளவு எளிதன்று.

மூன்றும் இருபத்தெட்டும்

கிரீன்லாந்தின் பனிப்போர்வை ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் நடுப்பகுதியில் பனிக்கட்டியின் கனம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். கோடையில் கதிரவன் மறைவதே இல்லை. எனினும் உயரமான நடுப்பகுதியில் வெப்பநிலை சுழிப் பாகைக்குக் கீழேயே இருப்பதால் அங்குப் பனி உருகுவது மிக அரிது. விளிம்பிலுள்ள தாழ்ந்த பகுதிகள் மட்டும் ஆண்டுதோறும் உருகி, இலையுதிர் காலத்தில் மீண்டும் உறையும். நெடுங்காலமாக இருந்துவந்த ஒழுங்கு இதுவே.

2012 ஜூலையில் வெப்பக் காற்று தீவின்மேல் வந்து தங்கியது. ஜூலை 8ஆம் நாள் பனிப்போர்வையின் மேற்பரப்பில் ஏறத்தாழ 40 சதவிகிதப் பகுதியில் உருகல் காணப்பட்டது. நான்கே நாட்களில், ஜூலை 12 அன்று, அது 97 சதவிகிதமாக உயர்ந்ததைச் செயற்கைக் கோள்கள் காட்டின. இந்த எண்ணைப் படிப்போர் சிலர், கிரீன்லாந்துப் பனியில் 97 சதவிகிதம் கரைந்துவிட்டதாகப் பொருள் கொள்வதுண்டு. அது தவறு. மேற்பரப்பில் அத்தனை பரப்பளவு சில நாட்களேனும் ஈரமாயிற்று என்பதே அதன் பொருள். அடியிலுள்ள பனிக்கட்டியுடன் ஒப்பிட்டால் உருகியது மிகச் சிறிய பங்கே.

எனில் வெள்ளம் ஏன் அத்துணை பெரிதாக இருந்தது? இதற்கு ஒப்பீடாக 2010ஆம் ஆண்டுக் கோடை உதவுகிறது. அதுவும் வழக்கத்துக்கு மாறான வெப்பக் கோடையே. வாட்சன் ஆற்றின் நீரளவு 2006 முதல் தொடர்ந்து அளக்கப்பட்டு வருவதால், இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்களால் முடிந்தது. பனியை உருக்கக் கிடைத்த வெப்ப ஆற்றல் 2010ஐ விட 2012இல் 3 சதவிகிதம் மட்டுமே மிகுதி. ஆனால் ஆற்றில் ஓடிய நீரோ 28 சதவிகிதம் மிகுதி. 2012இல் மொத்தம் 6.8 கன கிலோமீட்டர் நீர் ஓடியது. நம் அணைகளின் கணக்கில் சொன்னால் அது ஏறத்தாழ 240 டி.எம்.சி.

மூன்றுக்கும் இருபத்தெட்டுக்கும் இடையேயுள்ள இந்த இடைவெளியில்தான் செய்தி இருக்கிறது.

அடைபட்ட பஞ்சு

பனிப்போர்வையின் உயரமான பகுதிகளில், ஆண்டுதோறும் விழும் வெண்பனி முழுவதும் உருகிவிடுவதில்லை. பழைய பனியின்மேல் புதிய பனி விழுந்து அழுத்த, அது மெல்ல இறுகுகிறது. ஆனாலும் அது முழுப் பனிக்கட்டியாக மாறப் பல்லாண்டுகள் ஆகும். இடைப்பட்ட நிலையில் அதனுள் ஏராளமான காற்றிடைவெளிகள் இருக்கும். இந்தப் பழம்பனிப் படுகை ஒரு பெரிய பஞ்சு போன்றது. மேலே உருகும் நீர் அதனுள் ஊறி இறங்கி, உள்ளேயுள்ள குளிரால் மீண்டும் உறைந்துவிடும். அதனால் உயரமான பகுதிகளில் பனி உருகினாலும் அந்த நீர் ஆற்றுக்கு வந்து சேர்வதில்லை. இயற்கை அமைத்த நீர்த்தேக்கம் என்றே இதனைக் கூறலாம்.

ஆயினும் இந்தத் தேக்கத்திற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்குவதற்குத் தேவையான வெப்பம், உருகிய அந்த நீரைச் சுழியிலிருந்து 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப் போதுமானது. உருகிய நீர் மீண்டும் உறையும்போது அதே அளவு வெப்பத்தை வெளிவிடுகிறது. எனவே பழம்பனிக்குள் ஊறி உறையும் ஒவ்வொரு துளியும் தன்னைச் சுற்றியுள்ள பனியைச் சிறிது சூடேற்றிவிடுகிறது. அடுத்த ஆண்டு வரும் நீரை உறையவைக்க அங்கே எஞ்சியிருக்கும் குளிர் குறைவு. மேலும், உறைந்த நீர் காற்றிடைவெளிகளை அடைத்துக் கெட்டியான பனிக்கட்டித் தளங்களாகப் பரவுகிறது. மண் முற்றத்தில் பெய்யும் மழை மண்ணில் ஊறும். சிமெண்டு பூசிய முற்றத்தில் பெய்வது வழிந்தோடும். உயரமான பனிப்பகுதிகளில் நிகழ்ந்ததும் இதுவே.

2010 போன்ற வெப்பக் கோடைகள் உருவாக்கிய இத்தகைய தளங்கள், 2012இல் கடல் மட்டத்திற்கு மேல் குறைந்தது 1,840 மீட்டர் உயரம் வரை பரவியிருந்தன. அப்பகுதியில் ஓராண்டில் விழும் பனியும் உருகும் பனியும் சமமாக இருக்கும் எல்லை ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேலேயுள்ள பகுதி இழப்பின்றிப் பனியைச் சேமிக்கும் இடம் என்றே கருதப்பட்டு வந்தது. ஆனால் 2012இல் ஆற்றில் ஓடிய நீரில் பத்தில் ஒரு பங்கு அந்த எல்லைக்கு மேலிருந்து வந்தது. பனி விளிம்பிலிருந்து 140 கிலோமீட்டர் உள்ளே வரை மேற்பரப்பில் ஓடைகளும் கால்வாய்களும் உருவாகியிருந்ததை வான்படங்கள் காட்டின.

இதற்குப் பனிப்போர்வையின் வடிவமும் துணைபோயிற்று. அது விளிம்பில் செங்குத்தாகவும் உள்ளே செல்லச் செல்லத் தட்டையாகவும் இருக்கிறது. கவிழ்த்து வைத்த தாம்பாளத்தை எண்ணிக்கொள்ளலாம். உருகும் எல்லை விளிம்பருகே நூறு மீட்டர் உயர்ந்தால் புதிதாக உருகும் பரப்பு சிறிதே. அதே நூறு மீட்டர் உயர்வு தட்டையான மேற்பகுதியில் நிகழ்ந்தால் பெரும் பரப்பு ஒரே வீச்சில் உருகத் தொடங்கிவிடும். வெப்பம் கொஞ்சமே கூடியும் வெள்ளம் பலமடங்கு கூடியதன் காரணம் இப்போது விளங்கும்.

இது ஓரிடத்தின் தனிக்கதையும் அன்று. கிரீன்லாந்து முழுவதிலும் இத்தகைய பனிக்கட்டித் தளங்களின் பரவல், நீர் வழிந்தோடும் பரப்பை 2001க்குப் பின் ஏறத்தாழ 26 சதவிகிதம் பெருக்கியிருப்பதாக 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒருமுறை உருவான கெட்டித் தளம் அடுத்த குளிர்ந்த கோடையிலும் அப்படியே இருக்கும். அதன்மேல் மீண்டும் பஞ்சு போன்ற பனி தடித்து வளரப் பல ஆண்டுகள் தேவை. அதற்கான அவகாசம் கிடைப்பதுதான் ஐயம். 1979 முதலான பதிவுகளின்படி, ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வருகிறது. 2021 ஆகஸ்ட் 14 அன்று, 3,216 மீட்டர் உயரத்திலுள்ள கிரீன்லாந்தின் உச்சி ஆய்வு நிலையத்தில் மழை பெய்தது. அங்கு மழை பெய்ததாகப் பதிவானது அதுவே முதல்முறை.

பனிக்குள் மறையும் ஏரிகள்

மேற்பரப்பில் வழியும் நீர் எல்லாம் நேரே ஆற்றுக்கு வந்துவிடுவதில்லை. பள்ளங்களில் தேங்கி நீலநிற ஏரிகளாகிறது. ஏரிநீரின் எடை அடியிலுள்ள பனியில் விரிசலை உண்டாக்கினால், நீர் அவ்விரிசலில் புகுந்து அதை ஆப்புப்போலப் பிளந்துகொண்டு அடித்தளப் பாறை வரை இறங்கிவிடும். 2006 ஜூலையில் மேற்குக் கிரீன்லாந்தில் அவ்வாறு ஓர் ஏரி வடிந்தது. ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் கன மீட்டர் நீர், 980 மீட்டர் கனமுள்ள பனிக்கட்டியை ஊடுருவி, ஒன்றரை மணி நேரத்திற்குள் மறைந்தது. நயாகரா அருவியில் விழும் நீரைவிட மிகுதியான வேகம் அது! அவ்வாறு இறங்கும் நீர் பனிக்கும் பாறைக்கும் இடையே புகுந்து, பனியையே சிறிது தூக்கிக் கடலை நோக்கி நழுவச் செய்கிறது.

கீழே தேங்கிய நீர் மேலே வெடித்து வருவதும் உண்டு என்பது அண்மைக் காலத்தில்தான் தெரிந்தது. வட கிரீன்லாந்தில் 2014இல், பனிக்கு அடியில் மறைந்திருந்த ஓர் ஏரியின் நீர் பத்து நாட்களில் 9 கோடி கன மீட்டர் அளவு வெளியேறியது. மேற்பரப்பில் இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பில் 85 மீட்டர் ஆழப் பள்ளம் ஏற்பட்டது. நீர் எப்போதும் மேலிருந்து கீழே செல்லும் என்னும் எண்ணத்தில் அமைந்த கணக்கீடுகளை இது கேள்விக்குள்ளாக்கியது. செயற்கைக் கோள் படங்களைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டறிந்த நிகழ்ச்சி இது. அது நடந்தபோது அருகில் எவரும் இல்லை.

பக்கவாட்டில் தேங்கும் நீர்

பனியாறே அணையாக நின்று, பக்கத்துப் பள்ளத்தாக்கின் நீரைத் தேக்குவது மற்றொரு வகை. நீர்மட்டம் போதிய அளவு உயர்ந்ததும் அது பனியின் அடியில் வழி கண்டுபிடித்து ஒரேயடியாக வெளியேறும். ஐஸ்லாந்து மக்களுக்கு இது பழகிப்போன இடர். அவர்கள் மொழியின் 'யோகுல்லாப்' என்னும் சொல்லையே உலக விஞ்ஞானிகள் இத்தகைய வெள்ளத்திற்குப் பெயராக வழங்குகின்றனர். ஐஸ்லாந்தில் 1996 நவம்பரில் சாலைப் பாலங்களை அடித்துச் சென்ற மாபெரும் வெள்ளத்திற்குக் காரணம் பனிக்கடியில் வெடித்த எரிமலை. அதைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது முறையன்று.

காங்கர்லுஸ்ஸுவாக் அருகில் ரஸ்ஸல் பனியாறு தேக்கி வைத்திருந்த ஏரி, இருபது ஆண்டுகள் அமைதியாக இருந்தபின் 2007 ஆகஸ்ட் 31 அன்று உடைத்துக்கொண்டது. பனியாறு மெலிந்ததே காரணம். மெலிந்த அணை, குறைந்த நீர்மட்டத்திலேயே வழிவிட்டுவிடுகிறது. அதனால் வெள்ளம் அடிக்கடி வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அளவு சிறுத்திருக்கலாம். பனியாறுகள் சுருங்கினால் எல்லா வெள்ளமும் பெருகும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சான்று.

மாறாக, முன்பு இல்லாத வெள்ளம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. அலாஸ்கா மாநிலத் தலைநகரான ஜுனோ, ஆர்க்டிக் வட்டத்திற்குத் தெற்கே இருப்பினும், அதே வெப்ப உயர்வின் பிடியில் உள்ளது. அங்கே மெண்டன்ஹால் பனியாற்றுடன் முன்பு கலந்துவந்த சிறிய கிளைப் பனியாறு ஒன்று பின்வாங்கிவிட்டது. அது விட்டுச்சென்ற பள்ளத்தில் இப்போது உருகுநீரும் மழைநீரும் தேங்குகின்றன. 2011 முதல் ஆண்டுதோறும் இந்த நீர் உடைத்துக்கொண்டு வருகிறது. மெண்டன்ஹால் ஆற்றின் நீர்மட்டம் 2023 ஆகஸ்டில் 14.97 அடியையும், 2024 ஆகஸ்டில் 15.99 அடியையும், 2025 ஆகஸ்டில் 16.65 அடியையும் தொட்டது. மூன்று ஆண்டுகளில் மூன்று புதிய உச்சங்கள். 2024 வெள்ளத்தில் ஏறத்தாழ முந்நூறு வீடுகள் சேதமடைந்தன. மறு ஆண்டு நீர்மட்டம் அதைவிட உயர்ந்தும் சேதம் மிகவும் குறைவு. இடையில் ஆற்றங்கரையில் மணல் நிரப்பிய கம்பிக்கூடைகளை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்திற்கு அடுக்கித் தற்காலிகக் கரை எழுப்பியிருந்தனர். பள்ளத்தின் நீர்மட்டம் நாள்தோறும் கண்காணிக்கப்பட்டதால் மக்களும் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர்.

ஓரிடத்தில் வெள்ளம் பெருகும்போது மற்றோரிடத்தில் ஆறே காணாமற்போவதும் இக்கதையின் ஒரு பகுதி. கனடாவின் யூக்கான் பகுதியில் காஸ்கவுல்ஷ் பனியாறு பின்வாங்கியபோது, அதன் உருகுநீர் 2016 மே மாதத்தில் சில நாட்களுக்குள் வேறொரு பள்ளத்தாக்கின் வழியே திரும்பிவிட்டது. வடக்கே ஓடிப் பெரிங் கடலைச் சேர்ந்துவந்த ஸ்லிம்ஸ் ஆறு வறண்டு, அதன் படுகையில் புழுதி பறந்தது.

நமக்கு என்ன தொடர்பு?

கிரீன்லாந்தின் நீர் நம் கடலையும் வந்தடைகிறது. 1992 முதல் 2018 வரை அத்தீவு ஏறத்தாழ 3 லட்சத்து 90 ஆயிரம் கோடி டன் பனியை இழந்தது. அதனால் உலகக் கடல்மட்டம் சராசரியாக 10.8 மில்லிமீட்டர் உயர்ந்தது. இவ்விழப்பில் ஏறத்தாழ பாதி, மேலே விவரித்த மேற்பரப்பு உருகலால் நேர்ந்தது. எஞ்சியது பனியாறுகள் கடலில் உடைந்து விழுவதால். ஆகவே 'பஞ்சு' எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதை அறியாமல் சுந்தரவனத்தின் வருங்காலத்தைக் கணிக்க இயலாது. 2008 ஜூலை 1 அன்று ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் நை-ஆலெசுண்டில் இந்தியா 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையத்தைத் தொடங்கியதை, வெறும் கொடி நாட்டும் செயலாக எண்ணுவது பொருந்தாது.

இதைவிட நெருங்கிய தொடர்பு இமயத்தில் இருக்கிறது. சிக்கிமின் வடக்கே, 5,200 மீட்டர் உயரத்தில், தெற்கு லோனாக் பனியாறு பின்வாங்கிய இடத்தில் ஓர் ஏரி உருவாகிப் பல்லாண்டுகளாக வளர்ந்து வந்தது. அது உடையக்கூடும் என விஞ்ஞானிகள் முன்பே எச்சரித்திருந்தனர். 2016இல் நெகிழிக் குழாய்களைப் பொருத்தி நீரைக் குறைக்கும் முயற்சியும் நடந்தது. 2023 செப்டம்பரில் கண்காணிப்புக் கருவிகள் நிறுவப்பட்டன. முழுமையான எச்சரிக்கை அமைப்பு உருவாவதற்கு முன்பே, அக்டோபர் 3ஆம் நாள் இரவு, ஏரியின் பக்கவாட்டிலிருந்த உறைமண் சரிவு பெயர்ந்து நீரில் விழுந்தது. எழுந்த பேரலை கரையை உடைத்தது. செப்டம்பர் 28 அன்று 167 ஹெக்டேராக இருந்த ஏரியின் பரப்பு, அக்டோபர் 4 அன்று 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்ததை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் படங்கள் காட்டின. 55 பேர் உயிரிழந்தனர். 74 பேர் காணாமற்போயினர். சுங்தாங்கில் 1,200 மெகாவாட் டீஸ்டா மூன்றாம் கட்ட மின்திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது.

காங்கர்லுஸ்ஸுவாக்கும் சுங்தாங்கும் நிலத்தாலும் உயரத்தாலும் வேறுபட்டவை. ஆனால் பொறியாளரின் முன் எழும் வினா ஒன்றே. ஒரு பாலத்தையோ அணையையோ வடிவமைக்கும்போது, கடந்தகாலப் பதிவுகளைப் புரட்டி, நூறாண்டுக்கோ ஆயிரமாண்டுக்கோ ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கிடுவது வழக்கம். வருங்காலம் கடந்தகாலத்தைப் போலவே இருக்கும் என்னும் நம்பிக்கையே அதற்கு அடிப்படை. பஞ்சு அடைபட்டுவிட்ட பனிப்பகுதிக்கும், நாற்பதாண்டுகளுக்கு முன் மிகச் சிறியதாயிருந்த ஏரிக்கும் அப்பதிவுகள் எவ்வாறு உதவும்? வாட்சன் பாலம் அரை நூற்றாண்டுக்கு மேல் உறுதியாக நின்றது. அதைக் கட்டியவர்கள் கணக்கில் பிழை செய்தார்கள் என்று கூற இடமில்லை.

பனியேரி வெள்ள அபாயத்தைக் குறைக்க, அருணாசலப் பிரதேசம், இமாசலப் பிரதேசம், சிக்கிம், உத்தரகண்ட் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு 150 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2024இல் ஏற்றது. ஏரிகளுக்கு நேரில் சென்று ஆழத்தை அளத்தல், கருவிகள் நிறுவுதல், நீர்மட்டத்தைக் குறைத்தல் ஆகியவை அதில் அடங்கும். இவற்றுள் நேரில் சென்று அளப்பதே கடினமான பணி. ஏரியின் பரப்பைச் செயற்கைக் கோள் காட்டிவிடும். ஆழத்தைப் படகில் சென்றே அறிய வேண்டும்.

சுங்தாங்கில் மீண்டும் அணை கட்டுவதற்கான பரிந்துரையை 2025 ஜனவரியில் நிபுணர் குழு அளித்தது. அடித்துச் செல்லப்பட்ட 60 மீட்டர் உயரக் கல்நிரப்பு அணைக்கு மாற்றாக, ஏறத்தாழ 118 மீட்டர் உயரக் கான்கிரீட் அணை அமைய உள்ளது. அதன் வழிந்தோடியின் கொள்திறன் பழையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காகத் திட்டமிடப்பட்டுள்ளது. இம்முறை கணக்கில் மழைவெள்ளத்துடன், மேலேயுள்ள பனியேரி உடைந்தால் வரக்கூடிய நீரும் சேர்க்கப்பட்டிருக்கிறது.